மிளகாய்ப் பன்னீர்

பஸ்ஸில் ஏறினால் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு யோசனை வரும். இந்த வரியை எழுதவைத்த புண்ணியவான் யாராக இருப்பார்? எவனோ ஒருத்தன் நீட்டியிருக்கிறான். நீட்டி, ஏதோ ஆகி, அதற்குப் பிறகுதான் பெயிண்ட் டப்பாவைக் கையில் எடுத்திருக்கிறார்கள். விதி என்று ஒன்று இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு முட்டாள் இருந்தே தீர வேண்டும்.

இப்போது விமான நிலையங்களில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். கையோடு கொண்டுபோகக் கூடாத சாமான்களின் படம். துப்பாக்கி, கத்தி, பட்டாசு, இவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன டப்பா. அமுக்கினால் எதிராளியின் கண்ணில் காரத்தைப் பீய்ச்சும் தற்காப்பு டப்பா. அதன் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அந்தப் படத்தைப் போடவைத்தது நான்தான் என்று எங்கள் குடும்பம் மொத்தமும் நம்புகிறது. மறுத்துப் பேசுவதை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. (உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.)

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, டெல்லியில் ஒரு மத்திய அரசாங்க ஆபீஸில் வேலைக்குப் பரீட்சை எழுதி, அதிலும் தேறியிருந்தேன். இவ்வளவு படித்த மகராசி விண்ணப்பத்தில் விலாசம் எழுதும்போது 'கண்டிகை, திருத்தணி வழி' என்று மட்டும் எழுதித் தொலைத்தேன். நாங்கள் இருந்தது கே.ஜி.கண்டிகை. எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கண்டிகையில்தான் விழ வேண்டும், அத்தனை கண்டிகைகள் உண்டு. என் வேலை உத்தரவு ஒவ்வொரு கண்டிகைக்கும் விருந்தாடப் போய்விட்டு, ஒரு திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்குள் டெல்லியில் வந்து சேராவிட்டால் நியமனம் ரத்து என்று அதில் போட்டிருந்தது.

ரயிலில் போனால் வியாழக்கிழமைதான் போய்ச் சேர முடியும். ஆகாய விமானம் ஒன்றுதான் வழி என்று பாவா சொன்னார். பாவா என்றால் என் அக்கா புருஷன். ஆர்.கே.பேட்டையில் ஒரு லுங்கி வியாபாரியிடம் வேலை. முதலாளியைச் சிங்கப்பூருக்கு வழியனுப்ப மெட்ராஸ் விமான நிலையத்துக்கு ஒரே ஒரு தடவை போய்வந்தவர். வாசல் வரைக்கும்தான் விட்டார்கள், ஆனால் அன்றிலிருந்து விமானத்தைப் பற்றி எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. அம்மாவுக்கு என்னை அனுப்பத் துளிகூட இஷ்டமில்லை. பள்ளிப்பட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் என்னைக் கேட்டிருந்தார்கள். படித்த பெண் வேண்டுமாம், ஆனால் வேலைக்குப் போகாத பெண்ணாக இருக்க வேண்டுமாம். (பூட்டி வைப்பதற்கு எதற்குப் படிப்பு என்று கேட்டேன். வாயை மூடு என்றார்கள்.) நைனா, அதாவது என் அப்பா, நிலக்கடலையும் மிளகாயும் போட்டுப் பிழைக்கிற விவசாயி. மகள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. மகளைத் தனியாக டெல்லிக்கு அனுப்பப் பயம். ஆசையும் பயமும் அவரைச் சாயங்காலம் வரை முற்றத்தில் நடக்கவிட்டன. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த எங்கள் செவலைப் பசுவை அவருக்கே கொடுத்துவிட்டு, பாவாவை டிக்கெட் வாங்க அனுப்பினார். எனக்கு ஒருத்திக்குத்தான் டிக்கெட், துணைக்கு ஆள் இல்லை.

அதற்குப் பிறகு அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

"போவட்டும். ஆனா வழியில ஒரு தடங்கல் வந்தாலும் மலைமேல இருக்கறவன் வேணாங்கறான்னு அர்த்தம். திரும்பி வந்துடணும். பள்ளிப்பட்டுக்குச் சரின்னு சொல்லிடுவேன்."

நைனா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வது, பசு ஏற்கனவே பக்கத்து வீட்டுக் கொட்டகையில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த விவகாரம் என் பாதுகாப்பு. விமானம் டெல்லியில் இறங்கும்போது இருட்டிவிடும். பாவாவின் முதலாளிக்குத் தெரிந்த ஒரு குடும்பம் என்னை வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. அவர்கள் வராவிட்டால்? வந்தவர்கள் அவர்கள்தானா என்று எப்படித் தெரியும்? எவனாவது கையைப் பிடித்து இழுத்தால்? இப்படி நைனா கேட்டுக்கொண்டே போனார். அரிவாள்மனையை மடித்துக் கொண்டுபோக முடியுமா என்றுகூட யோசித்தார். அப்போது பாவா விமான விதிகளை எடுத்துவைத்தார்.

கத்தி, அரிவாள், பிளேடு, ஒன்றும் ஆகாது. ரயிலில் போகிற பெண்கள் மாதிரி மிளகாய்த்தூளை முந்தானையில் முடிந்துகொள்ளவும் கூடாது, தூள் பொட்டலம் எதுவாக இருந்தாலும் கிழித்துக் கொட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் என்றால் கேட்க மாட்டார்கள். அதிலும் சாமி சாமானாக இருந்தால் கையே வைக்க மாட்டார்கள்.

"ஏரோப்ளேன்ல சாமி சாமானுக்குத் தனி மரியாத மாமா. எவனும் தொடமாட்டான். நான் பாத்துகினு இருந்தேனே."

(எதைப் பார்த்தார், எங்கிருந்து பார்த்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.)

அப்படித்தான் எங்கள் வீட்டுப் பித்தளைப் பன்னீர் சொம்பு அலமாரியிலிருந்து இறங்கியது. கல்யாண வாசலில் வருகிறவர்கள் தலையில் தெளிப்போமே, நீளக் கழுத்தும் உச்சியில் பொடி ஓட்டைகளும் வைத்தது, அதேதான். ஒரு குலுக்குக் குலுக்கினால் நாலடி தூரம் பூவாகச் சிதறும். நைனா தன் நிலத்து மிளகாயிலேயே பொல்லாததாக இரண்டு கை அள்ளிக்கொடுத்தார். அக்கா அதை அரைத்து, கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டினாள். அம்மா போகிற போக்கில் அதில் ஒரு கல் உப்பைப் போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, உப்பில்லாமல் எதையும் இறக்கிப் பழக்கமில்லை என்றாள்.

கடைசியாகத்தான் பாவா தன் மூளையைக் காட்டினார். மோந்து பார்த்தால் சந்தேகம் வரக்கூடாது என்று சொம்பின் கழுத்தில் நிஜப் பன்னீரைத் தாராளமாகத் தடவி, ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டார். பிறகு எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வேறொரு சொம்பில் வெறும் தண்ணீர். பாவாதான் டெல்லி ரவுடி. மூன்று தடவை கையை நீட்டிக்கொண்டு வந்தார். மூன்று தடவையும் நான் என் முகத்திலேயே தெளித்துக்கொண்டேன். நாலாவது தடவை பாவா மேல் பட்டது. பட்டம் வாங்கினவள் போல எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன்.

மறுநாள் வாடகை வேனில் என்னை வழியனுப்ப வீடே கிளம்பியது. நைனா, அம்மா, அக்கா, பாவா, போதாததற்குப் பசுவை வாங்கினவரும் ஏறிக்கொண்டார். (தன்னால்தான் நான் பறக்கிறேன் என்று அவருக்கு ஒரு எண்ணம். முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது.) அம்மா வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். என்ன பார்க்கிறாய் என்று அக்கா கேட்டாள். பூனை குறுக்கே போகிறதா என்று பார்க்கிறேன் என்றாள் அம்மா. அன்றைக்கு என் நல்லநேரம், திருத்தணிக்கும் மெட்ராஸுக்கும் நடுவில் ஒரு பூனைக்கும் எங்கேயும் போகிற வேலை இல்லை.

விமான நிலையத்தில், விமானம் நிற்கிற இடத்தைப் பார்க்கிற மாதிரி மாடியில் ஒரு கம்பித் தடுப்பு. வழியனுப்ப வந்தவர்கள் அங்கே நிற்கலாம். அவர்கள் மேலே போனார்கள், நான் பெட்டியைப் போட்டுவிட்டு, சொம்பு வைத்த துணிப்பையோடு சோதனை செய்கிற இடத்துக்குப் போனேன். பெண்களுக்குத் தனியாகத் திரை போட்ட ஒரு மறைப்பு. உள்ளே ஒரு பெண் போலீஸ், முப்பது வயது இருக்கும், சட்டையில் சகுந்தலா என்று பெயர். புழுக்கம் தாங்காமல் பின்னால் ஒரு பெரிய மேஜை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த விசிறியை நான் மறக்கவே மாட்டேன்.

சகுந்தலா பைக்குள் கையை விட்டு, கையே வைக்க மாட்டார்கள் என்று பாவா சத்தியம் செய்த சாமி சாமானை முதல் வேலையாக வெளியே எடுத்தார்.

"இன்னாம்மா இது, பன்னீர் சொம்பா? கல்யாணமா?"

சாமிக்கு என்று சொல்லத்தான் பாவா சொல்லிக்கொடுத்திருந்தார். பயத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"ஆங். கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு அளவு தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் டெல்லியில் இருக்கிறார்கள், எங்கள் ஆட்கள் ரயிலில் முன்னாலேயே போய்விட்டார்கள், நான் பரீட்சை எழுதிவிட்டுத் தனியாகப் போகிறேன் என்று மளமளவென்று ஒரு கல்யாணத்தையே நடத்திவிட்டேன். சகுந்தலாவின் முகம் மலர்ந்துபோனது. என்னைக் கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி ஏற இறங்கப் பார்த்தார். பிளாஸ்டிக் பையை எடுத்து மோந்து பார்த்தார். கமகமவென்று பாவாவின் பன்னீர்.

"எனக்கும் அஞ்சு வருசமா பாத்துகினுதான் இருக்காங்க, ஒண்ணும் அமையல. கல்யாணப் பொண்ணோட பன்னீர் மேல பட்டா சீக்கிரம் ஆவும்னு எங்க அத்த சொல்லும்" என்றார் வெட்கத்தோடு.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'வேணாங்க, அது மொளகாத் தண்ணி' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொன்னால் பிடித்து வெளியே அனுப்புவார்கள், தடங்கல், பள்ளிப்பட்டு ஜவுளிக்கடை. இதெல்லாம் மண்டைக்குள் ஓடி முடிப்பதற்குள் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "அது சாமிக்குங்க" என்று முனகினேன். "சாமிக்கு மிச்சம் வெக்கிறேன்" என்று சொல்லி, பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் போலீஸையும் கூப்பிட்டு, இரண்டு பேர் தலைக்கும் மேலே சொம்பைத் தூக்கி நன்றாகக் குலுக்கினார்.

மிளகாய் நல்ல மிளகாய். நைனாவைக் குறை சொல்ல முடியாது.

 இரண்டு பேரும் ஒன்றாக அலறினார்கள். சொம்பு கீழே விழுந்து, உருண்டு, விசிறிக்கு முன்னால் போய் மிச்சத்தையும் கக்கியது. விசிறி தன் கடமையைச் செய்தது. திரை படபடவென்று அடிக்க, காரம் வரிசையில் நின்றவர்கள்மேல் மேகம்போலப் போனது. கோட்டு போட்டவர், பட்டுப்புடவை கட்டியவர், சாமியார் ஒருவர் என்று அத்தனை பேரும் ஜாதி மத பேதமில்லாமல் தும்மினார்கள். யாரோ விஷவாயு என்று கத்த, பாதிப் பேர் வாசலைப் பார்த்து ஓடினார்கள். நானும் தப்பவில்லை. கண்ணைத் திறந்தால் எரிச்சல், மூடினால் அதைவிட எரிச்சல். மூக்கிலிருந்து ஆறு ஓடியது.

என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி வந்தார். கண்ணாடி புண்ணியத்தில் அங்கே கண்ணைத் திறக்க முடிந்த ஒரே ஆள் அவர்தான். நான் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். கண்டிகை, உத்தரவு, பசு, பாவா, உப்பு உட்பட. கல்யாணம் மட்டும் பொய் என்றேன். அவர் அட்டையில் ஒட்டிய ஒரு காகிதத்தை எடுத்து, கொண்டுபோகக் கூடாத சாமான்களை விரலை வைத்துப் படித்தார். துப்பாக்கி, தோட்டா, வெடிமருந்து, கத்தி, பெட்ரோல், அமிலம். மேலிருந்து கீழே வந்தார், கீழிருந்து மேலே போனார். மிளகாய் இல்லை.

"இதுல போடல" என்றார் வருத்தமாக. "போடலன்னா விட்டுடறதா? இத்தனை போலீஸ் இருக்கற எடத்துல உனக்கு எதுக்குமா இது?"

"இங்க நீங்க இருக்கீங்க சார். அங்க எறங்கினப்புறம் நான் மட்டும்தான் இருப்பேன்."

சாமர்த்தியமாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பயந்துபோய் இருந்ததைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். விமானத்துக்கு அறிவிப்பு வந்துவிட்டது. உன்னை விடுவதா வேண்டாமா என்று மேலிடத்தைக் கேட்க வேண்டும், அதற்குள் விமானம் போய்விடும், அடுத்த விமானத்தில் பார்த்துக்கொள் என்றார். அடுத்த விமானம் எனக்குக் கிடையாது. எங்களிடம் அடுத்த பசுவும் கிடையாது. நான் மிளகாய்க் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். மேலே கம்பித் தடுப்பில் அம்மா நிற்கிறாள், விமானம் நகரும்போது நான் அதில் இருக்க மாட்டேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

அப்போது சகுந்தலா வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கண் இரண்டும் வீங்கி, பார்க்கவே பாவமாக இருந்தார். என்னை அறையத்தான் வருகிறார் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகத் தன் பையைத் திறந்து, மடித்த ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அதிகாரியின் மேஜைமேல் வைத்தார்.

"இன்னா இது?"

"மொளகாத்தூள் சார். டூட்டி முடிஞ்சி கடைசி வண்டியில திருவள்ளூர் போறேன். மூணு வருசமா வெச்சிகினுதான் வரேன். அந்தப் பொண்ண நிறுத்தறதுன்னா என்னையும் நிறுத்துங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கழற்றியது தப்பு என்று உடனே புரிந்து மாட்டிக்கொண்டார். இன்னொரு பெண் போலீஸும் தன் பையை இறுக்கிப் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அந்த விமான நிலையத்தில் ஒரு குழம்பே வைக்கலாம் போலிருந்தது.

அதிகாரி ஒரு ரிஜிஸ்டரைத் திறந்து யோசித்து யோசித்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'பித்தளைச் சொம்பு ஒன்று. உள்ளே கெட்டுப்போன பன்னீர். பறிமுதல்.' கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு, ஓடு என்றார். நான் சகுந்தலாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "போயி வேலைல சேரு, அப்புறம் கல்யாணம் பண்ணு, பன்னீர் மட்டும் கடையில வாங்கு" என்றார்.

விமானத்துக்கு வெயிலில் நடந்துதான் போக வேண்டும். நான் கடைசி ஆள். கண்ணில் தாரை தாரையாக நீர், மூக்கு தக்காளி. மாடித் தடுப்பு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு பக்கம் திரும்பி இரண்டு கையையும் ஆட்டினேன். (அது தண்ணீர் லாரி என்று பின்னால் தெரிந்தது.) படியில் ஏறும்போது விசும்பி விசும்பித் தும்மினேன். பக்கத்து சீட்டுப் பெரியவர், புகுந்த வீட்டுக்குப் போறியாம்மா என்று பரிவாகக் கேட்டு ஒரு மிட்டாய் கொடுத்தார். டெல்லியில் அழைத்துப்போக வந்தவர்கள் வந்தார்கள், நல்லவர்களாகவே இருந்தார்கள். புதன்கிழமை காலை ஒன்பதரைக்குச் சிவந்த கண்ணோடு வேலையில் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வருஷம் அங்கேயும் மெட்ராஸிலுமாக அதே இலாகாவில் இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன்.

கதை இங்கே முடியவில்லை. முதல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது என்னை எல்லோரும் ஒரு மாதிரிக் கனிவாகப் பார்த்தார்கள். டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூட நலம் விசாரித்தார்கள். அக்காவைக் கேட்டேன். நான் விமானம் ஏறும்போது அழுத அழுகையை நைனா கே.ஜி.கண்டிகை முழுக்கச் சொல்லியிருக்கிறார். பெற்றவர்களைப் பிரிய முடியாமல் தேம்பித் தேம்பி அழுதாளாம், எங்களைப் பார்க்கத் தாங்காமல் அந்தப் பக்கம் திரும்பி லாரியைப் பார்த்துக் கும்பிட்டாளாம். அதைப் பார்த்து, யார் சாவுக்கும் அழாத நைனா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார். அம்மாகூட, இவ்வளவு பாசமுள்ள பெண்ணைத் திட்டிக்கொண்டே இருந்தேனே என்று அழுது, வேனில் திரும்புகிற வழியிலேயே பள்ளிப்பட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல்லியிருக்கிறாள்.

இதைக் கேட்டபிறகு உண்மையைச் சொல்ல எனக்கு எங்கே வாய் வரும்? சொம்பு டெல்லியில் இருக்கிறது என்று சமாளித்தேன். மூன்று வருஷம் கழித்து எனக்கே கல்யாணம் வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். அம்மா சொம்பைக் கேட்டாள். ஒரு பன்னீர் சொம்பைக் கொண்டுவர உனக்கு என்ன கேடு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பந்தல் போட்ட வீட்டில், சொந்தக்காரர்கள் நடுவில், எல்லாவற்றையும் சொன்னேன். பாவா எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

நைனா மட்டும் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் கெடையாது. நீ அழுத. நான் பாத்தேன்" என்றார்.

மிளகாய் நைனா, உங்கள் நிலத்து மிளகாய் என்றேன். சகுந்தலாவைச் சொன்னேன், விசிறியைச் சொன்னேன், ரிஜிஸ்டரைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மொளகாயும் இருந்திருக்கும், நீ அழுததும் அழுததுதான் என்றார். கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவே இல்லை. விமானம் மேலே ஏறி மேகம் வந்த பிறகு, கண் எரிச்சல் எல்லாம் அடங்கி, மிட்டாயும் கரைந்த பிறகு, நான் டெல்லி வரைக்கும் நிஜமாகவே அழுதுகொண்டு போனேன் என்பதை அவரிடம் நான் சொன்னதில்லை. தோற்க மனசில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், யார் கண்ணைத் துடைத்தாலும், மற்றவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "நெஜமா, பன்னீரா?" பேரன் பேத்திகள் வரை இது ஓடுகிறது. என் மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று விமான நிலைய வாசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பிப் பார்த்தாள். நான் முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"நெஜமா, பன்னீரா?" என்றாள்.

"பன்னீர்" என்றேன்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க ஏர்போர்ட்ல அழவே மாட்டாங்க" என்று பக்கத்தில் நின்ற தோழியிடம் சொல்லிவிட்டு, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.